நான்கு நிமிடம் திறந்திருக்கும்

வீட்டு விளக்குகளையும் சென்சார்களையும் ஒன்றாகக் கட்டி இயக்கும் ஹப் விற்கும் கடைக்காரர் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, சட்டைப் பையில் குத்தி வைத்த மெல்லிய ஊசி ஒன்று. சின்னச் சின்னப் பொத்தான்களை அழுத்துவதற்காம். கதவு நிலையின் மூலையில் ஒட்டியிருந்த வெள்ளை சென்சாரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒட்டினவருக்கு நல்ல கை என்று பாராட்டினார். அவள் வழிவிட்டாள். ஒட்டினவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது என்பதை அவளுடைய அண்ணன்தான் கடைக்காரரின் முழங்கையைத் தொட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். ஒரு கட்டிடத்தின் உச்சியில், லிப்ட் இயந்திர அறையில், கையில் ஸ்பானரோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவள் அழவில்லை. மறுநாளும் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று பேசினவர்கள் பேசினார்கள். அவளும் அழுகைக்காகத்தான் காத்திருந்தாள், பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் போல. பஸ் வரவே இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடிக்கும் வேலைக்குப் போனாள், வந்தாள், தூங்கினாள். இரண்டு தடவை அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு மறந்தாள். இரண்டாவது தடவை பாத்திரத்தின் அடியே ஓட்டையாகி வீடு முழுக்கப் புகை. அவள் அந்தப் புகைக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கதவை உடைத்து உள்ளே வந்தவர் அண்ணன். மருந்துக்கடை வைத்திருக்கும் மனிதர், எதற்கும் உடனே ஒரு மாத்திரை வேண்டும் அவருக்கு. மறுநாளே வாயு சென்சார் ஒன்றும் புகை சென்சார் ஒன்றும் வாங்கி வந்துவிட்டார். ஏதாவது ஆனால் தன் போனில் மணி அடிக்க வேண்டும். ஆனால் அவை தாமாகப் பேசாது, பேச ஒரு ஹப் வேண்டும். வீட்டில் இருந்த ஹப் கணவர் தன் கையால் செய்து பரண்மேல் வைத்த ஒரு கறுப்புப் பெட்டி. அதன் கடவுச்சொல்லை அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

கடைக்காரர் மேஜைமேல் மூன்று ஹப்களை எடுத்து வைத்தார். முதல் இரண்டும் தங்கள் கம்பெனிக் கருவியைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காதவை. இந்த வீட்டிலோ நாலு கம்பெனிச் சரக்கு. ஒரே கூரைக்குக் கீழே ஓரகத்திகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்றார். மூன்றாவது, உள்ளங்கை அளவு வெள்ளை வட்டம். எந்தக் கம்பெனியானாலும் ஜிக்பி என்ற கம்பியில்லா மொழி தெரிந்தால் போதும், சேர்த்துக்கொள்ளும்.

"வந்தாரை வாழவைக்கும் சார் இது," என்றார் கடைக்காரர். "யாரு, எவருன்னு கேக்காது."

அண்ணனுக்கு அதுவே பிடித்துப்போனது. அவளிடம் கேட்டார்கள். எதுவானாலும் சரி என்றாள். பிறகு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அவளாக ஒன்று கேட்டாள்.

"அந்த ஆறு பத்து அப்படியே வருமா?"

ஆறு பத்து அவர் வேலையிலிருந்து திரும்பும் நேரம். சாயங்காலம் ஆறு பத்துக்கு வாசல் விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் செருப்பு அலமாரிக்கு மேலே உள்ள விளக்கு. அப்புறம் குளியலறை. கடைசியில் ஹாலில் அவருடைய நாற்காலிக்கு மேலே ஒன்று. அவர் போன பிறகும் பெட்டி தன் வேலையை விடவில்லை. ஒருநாள் தவறாமல் அந்த வரிசையிலேயே விளக்குகள் வந்துகொண்டிருந்தன. அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். ஒரு நாளில் அவள் விரும்பிச் செய்தது அது ஒன்றுதான். இயந்திர அறையின் கிரீஸ் வாசனைகூட லேசாக வரும். பீரோவில் இருக்கும் அவர் சட்டைகளில் இருந்து வருகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

கவலையே வேண்டாம் என்றார் கடைக்காரர். பெட்டிக்குள் ஒரு மெமரி கார்டு இருக்கும், நேர அட்டவணை அதில் இருக்கும், அச்சு அசலாகப் புது ஹப்பில் ஏற்றித் தருவதாகச் சொன்னார். முதலில் கார்டைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஐந்து மணிக்கு இன்னொரு வீடு இருந்தது. கருவிகளைப் புது ஹப்புக்கு மாற்றுவதுதான் நேரம் பிடிக்கும் வேலை, அதை முதலில் முடிப்போம் என்றார். அண்ணனும் தலையாட்டினார்.

பழைய ஹப்பை ஒரு கருவி தானாக மறக்காது. அதன் முதுகில் உள்ள ஓட்டையில் ஊசியை விட்டு ஐந்து விநாடி அழுத்தினால்தான் மறக்கும். கடைக்காரர் கண் போனில் இருக்க வேண்டும் என்பதால் அழுத்தும் வேலை அவளுக்கு வந்தது. வாசல், செருப்பு அலமாரி, குளியலறை, நாற்காலி. மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றும் மூன்று தடவை கண் சிமிட்டி அணைந்தது. படுக்கையறையில் இருந்ததை அழுத்தும்போது மட்டும் ஊசி அவள் விரலில் குத்திவிட்டது.

எல்லாம் முடிந்து கடைக்காரர் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். அதன் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கார்டை எடுத்துத் தன் மடிக்கணினியில் செருகினார். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மேடம், இந்தப் பெட்டி ஓடலையே."

பச்சை விளக்கு எரிகிறதே என்றார் அண்ணன். அது கரண்ட் வருகிறது என்பதற்கு மட்டும்தான் என்றார் கடைக்காரர். கார்டு பழுதாகி எட்டு மாதம் ஆகிறது. கடைசியாக எழுதியிருந்த தேதியை வாசித்தார்.

அவர் இறந்த தேதி.

அதற்குப் பிறகு இந்தப் பெட்டி ஒரு விளக்குக்கும் ஒரு கட்டளையும் அனுப்பவில்லை. பல்புக்குத் தானாக மணி பார்க்கத் தெரியாது. அப்படியென்றால் எட்டு மாதமாக விளக்குகளைப் போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அந்தக் கேள்வி ஹாலில் உட்கார்ந்திருந்தது.

அவள் கையில் இருந்த ஊசியைப் பார்த்தாள். பதினான்கு தடவை அவளே அழுத்தியிருக்கிறாள்.

நேரத்தைச் சொன்னால் தானே புதிதாக ஏற்றித் தருகிறேன் என்றார் கடைக்காரர். அவள் வேண்டாம் என்றாள்.

"நீங்க போட்டா அது நீங்க போட்டதுதானே."

போகும்போது கடைக்காரர் அவள் போனில் 'சேர்' என்ற பொத்தானைக் காட்டினார். இனிமேல் புதுக் கருவி வாங்கினால் இதை அழுத்தவேண்டும். அழுத்தினால் நான்கு நிமிடத்துக்கு ஹப்பின் கதவு திறந்திருக்கும், பக்கத்தில் இருக்கும் எதுவும் உள்ளே வரலாம். வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பல்புகூட வந்து ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கு ஆறு பத்துக்கு ஒன்றும் எரியவில்லை.

மறுநாளும் இல்லை. அவள் எழுந்து சுவிட்சைப் போடவும் இல்லை. இருட்டில் உட்கார்ந்திருந்தாள். துக்கம்கூட வரவில்லை. மரத்துப்போன காலில் எங்கே கிள்ளினாலும் வலிக்காதே, அதுபோல மனசில் ஓர் இடம் பாக்கியில்லாமல் மரத்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மனிதரைத் தன் கையாலேயே துரத்திவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. அவரைத் திரும்ப உள்ளே விட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் ஆறு மணிக்குப் போனை மடியில் வைத்து 'சேர்' பொத்தானை அழுத்தினாள்.

நான்கு நிமிடத்திலிருந்து எண்கள் இறங்கின. பூஜ்யம் வந்தது. மறுபடி அழுத்தினாள். ஆறு பத்தைத் தாண்டியும் அழுத்தினாள். கடைக்காரர் மூடச் சொன்ன கதவை அவள் அன்றைக்கு ஒரு டஜன் தடவையாவது திறந்திருப்பாள்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அதிர்ந்தது.

ஒரு கருவி சேர்ந்தது.

கம்பெனி பெயர் இல்லை. என்ன கருவி என்றும் இல்லை. பேட்டரி பூஜ்யம்.

அவள் வாசல் விளக்கைப் பார்த்தாள். எரியவில்லை. செருப்பு அலமாரியும் எரியவில்லை. குளியலறையும் இருட்டாகவே இருந்தது.

படுக்கையறையில் விளக்கு எரிந்தது.

கட்டிலின் இடப்பக்கம். அவள் படுக்கும் பக்கம்.

கிரீஸ் வாசனைக்காக அவள் மூச்சை இழுத்தாள். வந்தது வேறு வாடை. ஈரத்துணியை மூட்டையிலேயே பல நாள் கட்டி வைத்த வாடை. நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. எட்டு மாதம் கழித்து அவள் உடம்பு விழித்துக்கொண்டது, அதுவும் பயத்தால். வேலையிலிருந்து வந்த கையோடு முகம் கைகால் கழுவாமல் அவர் படுக்கையறைக்குள் நுழைந்ததே கிடையாது.

கடைக்காரருக்குப் போன் செய்தாள். பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து 'நீக்கு' கொடுங்கள் என்றார். கொடுத்தாள். கருவியிடமிருந்து பதில் இல்லை என்று வந்தது. ஹப்பையே கரண்டிலிருந்து பிடுங்கச் சொன்னார். பிடுங்கினாள். வெள்ளை வட்டம் செத்தது. படுக்கையறை விளக்கு அப்படியே எரிந்தது. அதைச் சொன்னதும் அவர் குரல் இறங்கிப்போனது.

"மேடம், நீங்க வேற எதையாவது உள்ள கூப்பிட்டீங்களா?"

அவள் படுக்கையறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். நாளைக் காலையில் வருவதாகச் சொல்லிக் கடைக்காரர் போனை வைத்தார். நாணயமான மனிதர்தான். ஆனால் காலையில் வரவில்லை, அப்புறம் போனையும் எடுக்கவில்லை.

அந்த ராத்திரி அவள் ஹால் சோபாவில் கிடந்தாள். மறுநாள் அண்ணனிடம் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். கடையை மூடிவிட்டு ஏழு மணிக்கு வருகிறேன் என்றார். மாற்றுத் துணி படுக்கையறை பீரோவில் இருந்தது. அதை எடுக்க அவள் போகவில்லை. கொடியில் காய்ந்த இரண்டு புடவையை மட்டும் பையில் திணித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தாள். படுக்கையறைக் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அவ்வப்போது அந்த வெளிச்சத்தின் குறுக்கே ஏதோ போய்வந்தது.

ஆறு பத்து.

வாசல் விளக்கு எரிந்தது.

அவள் எழுந்து நின்றாள். செருப்பு அலமாரி விளக்குக்காகக் காத்தாள். அது வரவில்லை. வாசல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. மூடிய வாசல் கதவைத் தாண்டி, லேசாக, கிரீஸ் வாசனை வந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் கூச்ச சுபாவக்காரர். வீட்டுக்குள் தெரியாத ஆள் யாராவது உட்கார்ந்திருந்தால் உள்ளே வரமாட்டார். வாசலிலேயே நின்று, அவர்கள் போன பிறகுதான் வருவார். எத்தனை தடவை அவள் அதற்காகச் சிரித்திருக்கிறாள்.

கதவைத் திறந்தாள். விளக்கின் கீழே யாரும் இல்லை. ஆனால் வாசனை இருந்தது. எட்டு மாதமாக வராத அழுகை வந்தது, வாய்விட்டு, நிற்க முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம். அவளுக்கு அது தோன்றவில்லை. எத்தனையோ வருஷமாக அவரை உள்ளே அழைத்தே பழகியவள்.

"வாங்க," என்றாள். "உள்ள வாங்க."

முதுகுக்குப் பின்னால் படுக்கையறை விளக்கு அணைந்தது.

நடை விளக்கு எரிந்தது.

ஹால் விளக்கு எரிந்தது.

அவள் கூப்பிட்டது வெளியே நின்றவரை. வந்ததோ உள்ளே இருந்த வேறெதுவோ.

செருப்பு அலமாரி விளக்கு அவள் தலைக்குப் பின்னால் எரிந்தது. ஈரத்துணி வாடை பிடரியில் மெல்லப் பட்டது. அவள் திரும்பவில்லை. வாசல் விளக்கு ஒருமுறை மங்கியது, யாரோ ஒரு படி பின்வாங்கியதைப் போல. அப்புறம் அணைந்தது. கிரீஸ் வாசனையும் போய்விட்டது. அவள் அழுகை பாதியில் நின்றது.

ஏழு மணிக்கு அண்ணன் வந்தபோது அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள்ளே எல்லா அறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிளம்பலாமா என்று கேட்டார். வேண்டாம், இனிமேல் எங்கே போனாலும் ஒன்றுதான் என்றாள். பழையபடி அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை.

"உள்ள யாரு பாப்பா?"

"கூப்பிட்டேன். வந்துட்டாங்க."

அண்ணன் அவளைத் தாண்டிக் கையை உள்ளே நீட்டி வாசல் சுவிட்சைப் போட்டார். அணைத்து மறுபடி போட்டார். பல்பைக் கழற்றிப் புது பல்பையும் மாட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் வாசல் விளக்கு மட்டும் அதற்குப் பிறகு எரியவே இல்லை.