ஏழாம் டப்பா

காலை 9.40. பிரதி அறையின் பூட்டு வழக்கம்போலத் திறந்தது. அடுக்கில் ஆறு பிலிம் டப்பாக்கள் இருந்தன. ஏழாவது இல்லை.

முதலில் பார்த்தவள் தங்கை. நிறுவனத்தின் கடிதம், தொலைபேசி, தியேட்டர் பேச்சு எல்லாம் அவள் பொறுப்பு.

"போலீஸ் வேண்டாம்" என்றார் அண்ணன். "நாமே தேடலாம்."

அவள் ஏற்கெனவே அழைத்துவிட்டிருந்தாள்.

பட விநியோக நிறுவனத்துக்கு அது கடைசி நாள். இருபத்திரண்டு வருடம் முன்பு அண்ணன் ஒற்றை அறையில் அதைத் தொடங்கினார். யாரும் தொடாத ஒரு புது இயக்குநரின் படத்தை எடுத்தார். முதல் வாரம் இரண்டு தியேட்டர். மூன்றாம் வாரம் பதினாறு. பிறகு கட்டடத்தின் அந்தத் தளம் முழுவதும் அவர்களுடையதாயிற்று. சின்னப் படம் எடுத்தவர்கள் எல்லோரும் இந்தப் படி ஏறினார்கள். பிறகு பெரிய கம்பெனிகள் திரைகளை மொத்தமாக வளைத்துக்கொண்டன. வெள்ளிக்கிழமை வந்த படம் திங்கட்கிழமை இல்லை. தளம் சுருங்கி இரண்டு அறையாயிற்று. மற்ற அறைகளில் பல் வைத்தியர். சுவர் வழியே பல்லைக் குடையும் ஓசை வந்துகொண்டே இருந்தது.

அந்த முதல் படத்தின் நெகட்டிவ் லேபில் எரிந்துபோனது. மிச்சமிருந்தது ஒரே பிரதி, ஏழு ரீல். பகல் ஒரு மணிக்கு ஆவணக் காப்பகத்தின் வண்டி வரும். முழுப் படமாக இருந்தால்தான் எடுப்பார்கள்.

10.20. இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது வயதுப் பெண். நாற்காலியை மறுத்துவிட்டார்.

"சாவி எத்தனை?"

"ரெண்டு" என்றார் அண்ணன். "ஒண்ணு டப்பாக்காரர்கிட்ட. இன்னொண்ணு என் டிராயர்ல."

"டிராயருக்குப் பூட்டு?"

"கிடையாது."

"கடைசியா எண்ணினது?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு. தங்கச்சிதான் எண்ணினா. ஏழும் இருந்தது."

"அதுக்கப்புறம் யார் இருந்தீங்க?"

"நாங்க மூணு பேர்தான். ஏழு மணி வரைக்கும்."

டப்பாக்காரர் என்பவர் பிரதிகளைச் சோதித்து, கிழிசல் ஒட்டி, டப்பாவில் அடுக்குபவர். முதல் நாளிலிருந்து இருப்பவர்.

"அவரைக் கேளுங்க மேடம்" என்றாள் தங்கை. குரலைத் தணிக்கவில்லை. "சாமான் கட்டினது அவர்தான். வேலை போற ஆத்திரம் யாரை விட்டுது? பிலிம் துண்டெல்லாம் வீட்ல சேத்து வச்சிருக்கார், பேரன் வெளையாடறானாம்."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

10.45. அந்த முதல் படத்தின் இயக்குநர், அதை வழியனுப்பக் காலை ரயிலில்தான் வெளியூரிலிருந்து வந்திருந்தார். கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"கடைசி ரீல்ல என்ன இருக்கு?"

"ஒரு அம்மா பத்து வருஷம் கழிச்சு மக வீட்டுக் கதவைத் தட்டறா. கதவு திறக்குது. ரெண்டு பேரும் சமையல்கட்டுல உக்காந்து பேசறாங்க. அவ்வளவுதான். எல்லாரும் மழைக் காட்சியைத்தான் சொல்வாங்க, இடைவேளைக்கு முன்னாடி வர்றது. எனக்குக் கடைசிதான் படம்."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"லேப்ல முதல் பிரதி வந்தப்ப. ரிலீஸ் அன்னைக்கு எனக்குப் பிரசவம். அப்புறம் பாக்கலை. என் படத்தை நானே பாக்கக் கூச்சம்." லேசாகச் சிரித்தார். "கதவோட முடிச்சது அபாரம்னு ஒருத்தர் பத்திரிகையில எழுதினார். மனுஷன் பாதியில எழுந்து போயிட்டார்னு வீட்ல ஒரே சிரிப்பு."

11.10. டப்பாக்காரர் உள்ளே வந்து நின்றார்.

"உங்க மேல சந்தேகம் சொல்றாங்க."

"காதுல விழுந்துது. சுவரு மெல்லிசு."

"ஏழாம் டப்பா எங்கே?"

"எனக்குத் தெரியாது மேடம்." தலையைக் குனிந்துகொண்டார். "மழை போச்சு. அவ்வளவு நல்ல மழை."

யாரும் கேட்கவில்லை. அவரே தன் பையை மேசைமேல் கவிழ்த்தார். துண்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு, டிபன் பாக்ஸ், மாத்திரை அட்டை. ஒவ்வொன்றாகத் தங்கைக்கு முன்னால் வரிசையாக வைத்தார். டிபன் பாக்ஸின் மூடியையும் திறந்து காட்டினார். உள்ளே சோறு இருந்தது.

அப்போதும் அண்ணன் பேசவில்லை.

11.50. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் பிரதி அறைக்குக் கூப்பிட்டார்.

"மழை எத்தனாவது ரீல்?"

"நாலு" என்றார் இயக்குநர்.

"தொலைஞ்சது ஏழாம் டப்பா. நாம எல்லாரும் கடைசி ரீல் போச்சுன்னு நினைச்சோம். இவர் மட்டும் மழை போச்சுன்னார். ஏன்?"

டப்பாக்காரர் அடுக்கின் காலி இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஏழாம் டப்பா மூடி நெளிஞ்சிருந்தது. கடைசி ரீல் உள்ள ஆடி ஆடிக் கீறல் விழுந்துது. அதை நாலாம் டப்பாவுக்கு மாத்தினேன். நாலாவதை ஏழாம் டப்பாவுல வச்சேன், கச்சிதமா உக்காந்துது. லேபிளை மாத்தணும் மாத்தணும்னு இருந்துட்டேன்."

"யாருக்காவது சொன்னீங்களா?"

"இல்ல. எடுக்கறவனும் வைக்கறவனும் நான்தானே."

"அப்ப இவர் திருடன் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "வெறும் கோபத்துல எடுக்கறவன் எதையாவது எடுப்பான், இல்ல எல்லாத்தையும் எடுப்பான். இது கடைசி ரீல்தான் வேணும்னு லேபிளை நம்பி எடுத்தவர் வேலை. கடைசி ரீல் எதில இருக்குன்னு தெரிஞ்சவர் அந்த டப்பாவைத் தொட மாட்டார்."

தங்கை தரையைப் பார்த்தாள்.

"இன்னொரு கேள்வி. அதே டப்பாவில நாலாவது ரீல் ஆடலை. கடைசி ரீல் மட்டும் ஏன் ஆடிச்சு?"

இன்ஸ்பெக்டர் நாலாம் டப்பாவைத் திறந்தார். உள்ளே இருந்த ரீல் மற்றவற்றில் பாதிகூட இல்லை. டப்பாக்காரர் அதன் கடைசிச் சுற்றுகளைப் பிரித்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஒரு கதவு. மூடிய கதவு. ஒரு ஒட்டு, பிலிமை வெட்டிச் சேர்த்த இடம். ஒட்டுக்குப் பிறகு படம் முடியும் வெள்ளை எழுத்துகள்.

இயக்குநர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"பதினோரு நிமிஷம்" என்றார் டப்பாக்காரர்.

"யார் வெட்டச் சொன்னது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெட்டின கை என்னுதுங்க."

"நான் கேட்டது அது இல்ல."

இன்ஸ்பெக்டர் தங்கையிடம் கேட்டார். "அந்த வருஷம் நீங்க இங்க இருந்தீங்களா?"

"ஸ்கூல்ல இருந்தேன்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. "அண்ணா."

அண்ணன் கார்ச் சாவியை மேசையில் வைத்தார்.

"டிக்கியில இருக்கு. தூக்கிப் போடத்தான் எடுத்துட்டுப் போனேன். பாலத்துல ரெண்டு தடவை வண்டிய நிறுத்தினேன். முடியலை."

"எதுக்கு?" என்றாள் தங்கை.

"காப்பகத்துல திரை கட்டிப் போடுவாங்க. இவங்க முன் வரிசையில உக்காந்திருப்பாங்க. கதவோட முடியும்." அவர் இயக்குநரைப் பார்க்க முயன்றார். பார்வை மேசை விளிம்போடு நின்றது. "ஒரு நாளைக்கு நாலு காட்சி ஓடினாத்தான் எடுப்பேன்னு தியேட்டர்காரர் சொன்னார். பத்து நிமிஷம் நீளம் இடிச்சுது. முதல் வாரம் மட்டும்னு நினைச்சேன். நீங்க ஆஸ்பத்திரியில. மூணாவது வாரம் பதினாறு தியேட்டர். ஜனங்க அந்த மூடின கதவைப் பாத்து அழுதாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? எல்லாப் பிரதியிலயும் வெட்டினோம். துண்டெல்லாம் மூட்டையில இருந்தது. தளம் மாத்தினப்ப எங்க போச்சோ."

"இவர் மேல பழி விழுந்தப்பவும் நீங்க பேசலை" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல" என்றார் அண்ணன். "பேசலை."

டப்பாக்காரர் பிலிமை மெதுவாகச் சுற்றி டப்பாவுக்குள் வைத்தார். தங்கை மேசைக்குப் போய் அவர் பொருள்களைப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். மாத்திரை அட்டை கைதவறி விழுந்தது.

"விடும்மா" என்றார் அவர். "நானே எடுத்துக்கறேன்."

பக்கத்து அறையில் குடையும் ஓசை நின்றிருந்தது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் வைத்தார். அண்ணனுக்கு எதிரே வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள மட்டுமே கேட்பவர்போலக் கேட்டார்.

"வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அதைப் பாத்தீங்களா?"