துண்டுக்கு வைத்த பெயர்

சனிக்கிழமை, ஜூலை 12, 2025. சேக்காடு.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பஸ் வராததால் மாலை வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். ஆயர் ஏசுபாதம் ஆரம்பத்தில் சொன்னதைக் கேட்கவில்லை. வகுப்பு முடியும்வரை அதைச் சின்னத் தவறு என்றுதான் நினைத்தேன்.

நாளை என் தோழி மதிவதனியின் மகனுக்கு ஞானஸ்நானம். எட்டு மாதக் குழந்தை, பெயர் ஆசேர். நான் ஞானத்தாய். மதியின் கொழுந்தன் பரத் ஞானத்தகப்பன். அதற்காகத்தான் எங்களுக்கு இந்த வகுப்பு.

கேட்டவரை எழுதி வைக்கிறேன். குழந்தைக்குப் பேச வராது, அதனால் அதற்காக ஞானப்பெற்றோர் வாக்குக் கொடுக்கிறார்கள். ஞானத்தாயின் கையில் தரும் மெழுகுவர்த்தி, பிள்ளை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததற்கு அடையாளம். தண்ணீர்த் தொட்டியைக் கோயில் கதவை ஒட்டி வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. ஞானஸ்நானம்தான் உள்ளே நுழையும் வாசல்.

வகுப்பு முடிந்து ஆயர் உள் அறைக்குப் போனார். வெளியே நல்ல மழை. கோயிலுக்குள் நானும் பரத்தும் மட்டும் இருந்தோம். பதில்களில் எனக்குத் தடுமாற்றம் இருந்தது. ஒரு முறை சொல்லிப் பார்க்கலாமா என்றேன்.

"ஒரு தபா இன்னா, ஒம்போது தபா பாக்கலாம். நான்தான் பாஸ்டரு. புள்ள எங்க?"

பையிலிருந்த துண்டைச் சுருட்டி ஏந்திக்கொண்டேன். பரத் குனிந்து பார்த்தான்.

"எங்க அண்ணன் மூஞ்சி இல்ல. தப்பிச்சான் பையன்."

எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. தொட்டியின் மூடியை எடுத்தேன். நாளைக்காக நிரப்பிய தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது.

பரத் தொண்டையைக் கனைத்து, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டான்.

"ஆசேர்."

பிசாசை விட்டுவிடுகிறாயா என்றான். விட்டுவிடுகிறேன் என்றேன். இந்தப் பிள்ளையைக் காப்பாயா என்றான். காப்பேன் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். நான் சிரிக்காமல் சொன்னேன். பிதாவின் பெயரால் ஒரு கை, குமாரன் பெயரால் ஒரு கை, பரிசுத்த ஆவியின் பெயரால் ஒரு கை என்று தண்ணீரை அள்ளித் துண்டின் மேல் ஊற்றினான்.

மழைச் சத்தம் நின்றது.

மழை நிற்கவில்லை. ஜன்னலில் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

தொட்டிக்குப் பக்கத்துக் கதவு, நான் பக்க வாசல் வழியாக வரும்போது தாழிட்டிருந்த கதவு, ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடைவெளியில் ஈர மண் வாடை வந்தது. அதோடு சேர்ந்து, புளித்த பாலின் வாடை.

துண்டு கனத்தது.

தண்ணீரை உறிஞ்சியிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்று கைத் தண்ணீருக்கு அந்தக் கனம் வராது. அது சூடாகவும் இருந்தது.

பிறகு அது மூச்சு விட்டது.

"பரத்து, இத கொஞ்சம் புடியேன்."

"இன்னா, அதுக்குள்ள கை வலிக்குதா?" என்று வாங்கினான். வாங்கியதும் அவன் முகம் மாறியது. "ஜோதி... இன்னாடி இது, சூடா கீது," என்று கிசுகிசுத்துவிட்டு என் கையிலேயே திணித்தான்.

ஆயர் திரும்பி வந்தார். திறந்த தொட்டியையும் ஈரத் துண்டையும் பார்த்தார்.

"தண்ணி எடுத்தீங்களா?"

"ஒத்திகைதான் ஐயா."

"பேரும் சொன்னீங்களா?"

தலையாட்டினேன்.

"மொதல்லயே சொன்னேனேம்மா, ஒத்திகைல தண்ணியும் பேரும் வேணாம்னு. ஆபத்துக்கு யார் வேணா ஞானஸ்நானம் குடுக்கலாம். குடுத்தா குடுத்ததுதான். திருப்பி வாங்க முடியாது."

நான் தாமதமாக வந்தவள். பரத் வகுப்பு முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"துண்டுக்குதான பாஸ்டர் ஊத்துனோம்?" என்றான் பரத்.

ஆயர் கதவைப் பார்த்தபடியே பேசினார். "அந்தக் காலத்துல, ஞானஸ்நானம் வாங்காம செத்த பிள்ளைங்கள கல்லறைத் தோட்டத்துல சேக்க மாட்டாங்க. பேர் இல்லாம, இந்தக் கதவுக்கு வெளியதான் பொதைச்சாங்க."

"இப்ப நான் என்ன பண்ணணும் ஐயா?"

"எனக்குத் தெரியலம்மா. வாக்குக் குடுத்தது நீங்க."

வீட்டுக்கு வந்து துண்டை உதறி, பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாம் என் மனப்பிரமை என்று முடிவு செய்தேன். அப்போது மதி போன் செய்தாள்.

"ஏய் ஜோதி, சாயங்காலத்துலருந்து இவன் ஒரு மாரி கீறான்டி. கை தட்டுனா திரும்புறான். பேர் சொன்னா திரும்பவே மாட்றான். வேற யாரையோ கூப்புட்ற மாரி முழிக்கிறான். நீ கூப்புடு, ஸ்பீக்கர்ல போடுறேன்."

"ஆசேர்," என்றேன்.

போனில் பதில் இல்லை.

பால்கனியில் ஒரு குழந்தை 'ங்கா' என்றது.

போய்ப் பார்த்தேன். கிளிப்புகள் கொடியிலேயே இருந்தன. துண்டு தரையில் கிடந்தது, நான் கோயிலில் சுருட்டிய அதே மாதிரி சுருண்டு. மேலே குளிர்ந்திருந்தது. மடிப்புக்குள் விரலை விட்டேன். சூடு.

ஏதோ ஒன்று என் விரலைப் பிடித்துக்கொண்டது.

சரியாக யோசிக்கிறேனா தெரியவில்லை. யோசித்தவரை இதுதான். அந்தப் பெயர் இப்போது வேறொரு பிள்ளையுடையது. நாளை ஆயர் கேட்கும்போது நான் ஆசேர் என்று சொன்னால், வருவது இதுதான். மதியின் மகன் பெயரில்லாமல் கதவுக்கு வெளியே நிற்பான்.

துண்டை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கீழே வைத்தால் அழுகிறது.

நாளை: விடிந்ததும் மதி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கு வேறு பெயர் கேட்டு வாங்க வேண்டும். அழுவாள், கேக்கில் பெயர் எழுதியாகிவிட்டது என்பாள், விடக் கூடாது. பஸ்ஸை நம்பாமல் ஆட்டோவில் போக வேண்டும். வழியில் மெழுகுவர்த்தி இரண்டு வாங்க வேண்டும்.