நிமிர்ந்து நின்று ஒரு கொலை

செல்போன் அலறியபோது டீச்சர் ஒரு பெண்மணியின் காதுவரை ஏறியிருந்த தோள்களைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்... க்ளார்க் பேசறேன். நிமிர்ந்துட்டேன்."

"சந்தோஷம். அதை க்ளாஸ்ல வந்து சொல்லலாமே."

"நிமிர்ந்ததுல மச்சான் செத்துட்டான்."

இப்போது டீச்சரின் தோள்கள் காதுவரை ஏறின.

எப்படி உட்காருவது, எப்படி நிற்பது, மனதில் இருப்பதை வாயைத் திறந்து எப்படிச் சொல்வது... இதுதான் அவள் பாடம். 'நிக்கறதுக்குமா ஒரு க்ளாஸ்?' என்று ஊரே சிரித்த தொழிலில் இப்போதுதான் நாலு பேர் வர ஆரம்பித்திருந்தார்கள்.

அதில் ஒருவர் க்ளார்க். தரையைத் தவிர வேறெதையும் பார்த்தறியாதவர். வேலை தேடுவதாக வந்த மனைவியின் தம்பி வருஷக்கணக்கில் வீட்டை விட்டு நகரவில்லை. அவனிடம் பேசப் பயந்தே இவர் முதுகு வளைந்துவிட்டது.

"பாதத்தை நல்லா ஊனி நில்லுங்க. கழுத்தைத் தளர்த்துங்க. அடிவயித்துலேர்ந்து குரல் வரணும். 'வீட்டை விட்டு வெளிய போ.' எங்க, சொல்லுங்க."

போன வாரம் ஒத்திகை பார்த்தது டீச்சர்தான்.

ஆக, கொலைக்கு வசனம் எழுதியவள் அவள்.

ஸ்கூட்டரை விரட்டினாள்.

கதவைத் திறந்த க்ளார்க் ஓங்கி நின்றார். இந்த நிலைமையிலும் அவள் கண் அவருடைய கழுத்தைப் பார்த்து மெச்சியது.

கூடத்தில் மச்சான் மல்லாந்து கிடந்தான். க்ளார்க்கின் மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். அழவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன் டீச்சர். 'மாமா, உங்க குரலா இது'ன்னான். நெஞ்சைப் பிடிச்சான். சாஞ்சுட்டான்."

"மூச்சு இருக்கான்னு பாத்தீங்களா?"

"பயமா இருந்துச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கேன். போலீஸ் வந்தா... உங்களைப் பத்தியும் சொல்லணுமா?"

டீச்சர் மச்சானருகே போனாள்.

மண்டியிட்டாள். இரண்டு கைகளையும் மச்சானின் தலைக்கடியில் நுழைத்து மெதுவாகத் தூக்கினாள்.

தலை பஞ்சு போல வந்தது.

அங்கேதான் இடித்தது.

மயங்கியவன் தலை பூசணிக்காய் மாதிரி கனக்கும். செத்தவன் தலையும் அப்படித்தான். இந்தத் தலையோ அவளுக்கு ஒத்தாசை செய்தது.

கைகளைச் சத்தமில்லாமல் உருவிக்கொண்டாள்.

தலை அந்தரத்திலேயே நின்றது.

மச்சானின் கழுத்து நரம்பு புடைத்தது. தாடை நடுங்கியது.

"தம்பி, தலையைக் கீழ வைங்க. சுளுக்கிக்கப் போகுது" என்றாள் டீச்சர்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"இப்பதான்... மயக்கம் தெளியுது."

"தெளிஞ்சுதில்ல? கிளம்பு" என்றார் க்ளார்க்.

மச்சான் பாவமாக அக்காவைப் பார்த்தான். அவள் உள்ளே போய் அவனுடைய பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். துணிமணி எல்லாம் அடுக்கி, பூட்டியிருந்தது.

"இதை எப்பக்கா கட்டினே?"

"நீ செத்துக் கிடந்தப்ப."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. க்ளார்க் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டு, பிணம் நடந்து போய்விட்டதை ஒருவழியாகப் புரியவைத்தார்.

டீச்சருக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. வழியனுப்ப க்ளார்க்கின் மனைவி கேட்வரை கூடவே வந்தாள்.

"உங்க புண்ணியம் டீச்சர். அவருக்கு வாயே இல்லைன்னு நினைச்சிருந்தேன்."

உள்ளேயிருந்து ஓர் அதட்டல் வந்தது. அடிவயிற்றிலிருந்து, ஜன்னல் கண்ணாடி அதிர.

"அங்க என்ன பேச்சு? காபி எங்க? சட்டையை அயர்ன் பண்ணியாச்சா?"

அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"டீச்சர்... அந்த 'வெளிய போ' பாடத்தை எனக்கும் சொல்லிக்குடுப்பீங்களா?"

டீச்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கே வாங்க. அவருக்கு இனிமே குனியறதுக்குத்தான் க்ளாஸ் எடுக்கணும்."