பச்சை வார்

நேற்று சாயங்காலம் மண்ணைத் தொட்டபடி மரத்தடியில் விட்டுவிட்டு வந்த, மரமேறும் சேரின் கால் தட்டு, இன்றைக்குக் கருக்கலில் டார்ச் அடித்துப் பார்த்தால் இடுப்பு உயரத்தில் நின்றது.

கார்மேகம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பயப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை. போன வாரம் முதல் தடவை கணுக்கால் உயரத்தில் நின்றபோது ரூமில் கூட இருக்கும் மணிகண்டன் விளையாடுகிறான் என்று நினைத்தான். அப்புறம் முழங்கால் உயரத்தில் நின்றது. கேட்டதற்கு, "நானா? அந்த மரத்துப் பக்கம் ஒண்ணுக்குக்கூட போறதில்லண்ணே" என்று மணிகண்டன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். பொய் சொல்கிற முகம் இல்லை அது. கார்மேகம் தட்டைக் கீழே இழுத்துவிட்டான். விரலில் ஈரமான மரத்தூள் ஒட்டியது. தட்டின் இரும்புப் பல் மரத்தைப் புதிதாகக் கவ்விய தூள்.

அல் ஐனுக்கு வெளியே, தார் ரோடு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்தத் தோட்டம். பேரீச்ச மரங்கள், ஒரு டீசல் பம்பு, வேலிக்குள் அர்பாப், அதாவது அரபு முதலாளி, ஆசையாக வளர்க்கிற மான்கள். விடியுமுன் தெருநாய்கள் வேலிக்கடியில் தோண்டி வந்து குட்டிகளைக் கவ்விக்கொண்டு போயின. அர்பாப் சும்மா இருப்பாரா? அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் மரத்தில் ஏறி உட்காருவதற்கென்றே செய்த இரும்புச் சேர் ஒன்றை வரவழைத்து, வேலிக்குப் பக்கத்துப் பேரீச்ச மரத்தில் மாட்டச் சொல்லிவிட்டார். துப்பாக்கி அவருடையது. பனியில் உட்கார்ந்து காவல் காப்பது மட்டும் வேலைக்காரன் பாடு.

அந்தச் சேர் இரண்டு துண்டு. மேல் துண்டில் உட்கார வேண்டும், கீழ்த் தட்டில் கால் ஊன்ற வேண்டும். உட்கார்ந்து காலால் தட்டை மேலே இழுத்து, பிறகு எழுந்து நின்று கையால் சேரைத் தூக்கி, கம்பளிப்புழு மாதிரி ஏறிப் போக வேண்டும். மார்பையும் தொடையையும் சுற்றி ஒரு பெல்ட், அதன் கயிறு முதுகுப்பக்கம் மரத்தோடு. இது போக, தட்டு நழுவி விழுந்துவிடாமல் மேல் துண்டோடு சேர்த்துக் கட்ட ஒரு பச்சை நைலான் வார். மாட்டிக் கொடுத்த பட்டான் டிரைவர் அந்த வாரைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினான். பெல்ட் விழாமல் காப்பாற்றும் பாய், ஆனால் கால் ஊன்ற இடமில்லாமல் அதிலேயே தொங்கினால் ரத்தம் காலோடு நின்றுபோகும், பெல்ட்டே ஆளை முடித்துவிடும் என்று ஹிந்தியில் சொன்னான். கேட்டுக்கொண்டவர்கள் இரண்டு பேர். கார்மேகமும், அப்போது அவனோடு ரூமில் இருந்த கல்யாணசுந்தரமும்.

அந்த வார் இப்போது கார்மேகத்தின் கட்டிலுக்கடியில், ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய அட்டைப்பெட்டியைச் சுற்றி, இரண்டு கட்டாக இறுக்கிக் கட்டிக் கிடந்தது.

வேறு கயிறு கிடைக்காமலா? கிடைத்தது. ஆனால் ஏர்போர்ட்டில் பெட்டியைத் தூக்கி எறிகிற எறியில் சாதாரணக் கயிறு தாங்காது என்று யார்தான் சொல்லவில்லை. லீவுக்குப் போகிற எவன் கண்ணிலும் அந்த மாதிரி ஒரு வார் பட்டால் விடமாட்டான். பெட்டியின் மேல் கறுப்பு மையில் மனைவி வடிவு பெயரும் முதுகுளத்தூர் விலாசமும் எழுதியிருந்தான். அன்றைக்குச் சாயங்காலம் கல்யாணசுந்தரம் வந்து, "ஏய்யா, அந்தப் பச்ச வாரப் பாத்தியா?" என்று கேட்டார். "நான் பாக்கலண்ணே" என்றான் கார்மேகம். "சரி, போகட்டும். பனை ஏறுனவனுக்கு வாரு எதுக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஏறியவர் அவர்.

போலீஸ் வந்து பார்த்தது. அப்படி ஒரு வார் உண்டு என்றே அவர்களுக்குத் தெரியாது. டிரைவர் அதற்குள் ராஸ் அல் கைமாவுக்கு மாறிப் போயிருந்தான். இப்போது கொண்டுபோய் மாட்டினால், இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அர்பாப் கேட்பார். அதனால் வார் பெட்டியிலேயே இருந்தது. ஆள் இல்லையென்று லீவும் தள்ளிப்போனது. காவலும் கார்மேகத்தின் தலையில் விழுந்தது. வருகிற வெள்ளிக்கிழமை டிக்கெட். அதுவரை ஏறி இறங்கிவிட்டால் போதும். பிறந்து எட்டு மாசமாகியும் கண்ணால் பார்க்காத மகள் ஊரில் இருக்கிறாள்.

ஏறினான். உட்கார்ந்து, இழுத்து, நின்று, தூக்கி. கிரீச், டக். கிரீச், டக். பனியில் நனைந்த மட்டைக் கட்டைகள் வெறுங்காலுக்கடியில் வழுக்கின. இருக்க வேண்டிய உயரத்துக்குப் போய் முதுகுக் கயிற்றைச் சரிபார்த்து உட்கார்ந்தபோது கீழே தரை இல்லை. மார்கழிப் பனி மணலை, வேலியை, மான்களை எல்லாம் விழுங்கிவிட்டு, அவன் முழங்காலுக்குக் கீழே வெள்ளையாகக் கிடந்தது. மான் புழுக்கை வாடையும் டீசல் வாடையும் ஈர மட்டையின் புளித்த வாடையும் சேர்ந்து மேலே வந்தன. தூரத்தில் பம்பு டுப் டுப் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஓலை நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்று காது தானாகத் தேடியது.

வழக்கம் ஒன்றுதான். நாய் வராமல் விடிந்துவிட்டால் ரூமுக்கு ஒரு மிஸ்டு கால். ரூமில் இருப்பவன் எடுக்கக் கூடாது, எடுத்தால் கார்டில் காசு போகும். முதல் மணியிலேயே கட் பண்ணிவிட்டு, வாசல் பல்பைப் போட வேண்டும். புரிந்தது, டீ போடுகிறேன் என்று அர்த்தம். இரண்டு மிஸ்டு கால் வந்தால் நாய் வந்திருக்கிறது, அர்பாபை எழுப்பு என்று அர்த்தம். கல்யாணசுந்தரம் பல்பைப் பார்த்ததும் மரத்திலிருந்தே கத்துவார்: "எனக்குஞ் சேத்துப் போடுய்யா!" அந்த டீயே அவருக்குத்தான் என்று தெரிந்தே, கிண்டலுக்குக் கத்துவார்.

கடைசி நாளில் அவர் கூப்பிட்டபோது கார்மேகம் அரைத் தூக்கத்தில் கட் பண்ணினான். பல்பைப் போட்டான். டீயைக் கொதிக்க வைத்தான். வழக்கமான கத்தல் வரவில்லை. டீ ஆறி ஆடை கட்டிய பிறகுதான் போய்ப் பார்த்தான். தட்டு மணலில் கிடந்தது; அவர் உயிரில்லாமல் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. உப்பா புளிப்பா என்று நாக்குக்குத் தெரியவில்லை. வடிவு போனில் மகளின் மழலையைக் கேட்கவைத்தால்கூட யாரோ வீட்டுக் குழந்தை மாதிரி இருந்தது.

கிழக்கே லேசாக வெளுத்தது. உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்துப் போயிருந்தது. உதறிக்கொள்ளலாம் என்று தட்டில் எழுந்து நின்றான்.

மட்டைக் கட்டை ஒன்று முறிந்தது.

தட்டு போய்விட்டது. அவனும் போனான், பெல்ட் மார்பை இழுத்துப் பிடிக்கும் வரைக்கும். மூச்சு முழுக்க வெளியே வந்துவிட்டது. கீழே தட்டு மணலில் விழுந்த சத்தம் தொம்மென்று கேட்டது. பிறகு பம்பு. பிறகு சொட்டுகிற தண்ணீர்.

தொங்கினான். மரமும் சேரும் முதுகுப்பக்கம் இருந்தன, கை எட்டவில்லை. காலை ஆட்டினான், ஊன்ற ஒன்றுமில்லை. கத்தினான். பெல்ட் தொண்டைவரை ஏறியிருந்தது, காற்றுதான் வந்தது. தொடையில் பெல்ட் அறுத்த இடம் முதலில் எரிந்தது. பிறகு எரியவில்லை.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். ரூம் நம்பரை அழுத்தினான்.

எடுடா.

முதல் மணி. கட்.

பனிக்குள் தூரத்தில் மஞ்சளாகப் பல்பு எரிந்தது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கல்யாணசுந்தரமும் இதைத்தான் பார்த்திருப்பார். இதே இடத்திலிருந்து, இதே மஞ்சளை. அது முதல் முறையாக நெஞ்சுக்குள் சுருக்கென்று உறைத்தது. ஐயோ அண்ணே, என்று நினைத்தான்.

இன்னொரு தடவை அடித்தால் போதும். இரண்டு மிஸ்டு கால். அர்பாப் வருவார். விரல் பொத்தானைத் தேடியது. விரலுக்கு எது பொத்தான் என்று தெரியவில்லை. போன் நழுவியது.

விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

விழவில்லை.

கீழே, பனிக்குள், போனின் பச்சை வெளிச்சம் ஒரு இடத்தில் நின்றது.

கிரீச்.

டக்.

வெளிச்சம் கொஞ்சம் மேலே வந்தது.

கிரீச். டக். யாரோ உட்காருகிறார்கள். இழுக்கிறார்கள். நிற்கிறார்கள். அவசரமில்லை. பனை ஏறிப் பழகியவனின் நிதானம். ஒவ்வொரு டக்குக்கும் மரம் அதிர்ந்தது. அதிர்வு அவன் முதுகுக் கயிறு வழியாக வந்தது. காலில் எதுவும் தெரியவில்லை. கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

கிரீச். டக்.

அருகில்.

சத்தம் நின்றது.

"அண்ணே!" ரூம் பக்கத்திலிருந்து மணிகண்டன் கத்தினான். "டீ போட்டாச்சு! எறங்கலையா?"

கார்மேகம் வாயைத் திறந்தான். மூச்சு வரவில்லை.

அவன் தோளுக்குப் பக்கத்தில், காதைத் தொடுகிற தூரத்தில், நன்றாகத் தெரிந்த குரல் ஒன்று உற்சாகமாகப் பதில் சொன்னது.

"எனக்குஞ் சேத்துப் போடுய்யா!"

கல்யாணசுந்தரத்தை மணிகண்டன் பார்த்ததில்லை. அவருக்கப்புறம் வந்தவன்.

"சரிண்ணே!" என்றான் மணிகண்டன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கார்மேகம் மெதுவாகக் கீழே பார்த்தான். ஒரு சாண் தள்ளி, தட்டு மரத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. அதன்மேல் போன் வெளிச்சம் காட்டிக்கொண்டு கிடந்தது. அந்த வெளிச்சத்தில் நான்கு கால்கள். இரண்டு அவனுடையவை. நான்கும் ஒன்றுபோல நீலம் பூத்து, விரல்களைக் கீழே நீட்டிக்கொண்டு, தட்டைத் தொடாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.