சொத்தை விழாத பல்

காலை 6.10. தையல்காரர் தன் மெஷினுக்கு அடியில் சுருண்டு கிடந்தார். மூச்சு இருந்தது, பேச்சில்லை.

10.40. ஆஸ்பத்திரி வராந்தா. "ரத்தத்துல சர்க்கரை அதலபாதாளத்துல இருக்கு. ஏத்தினா ஏறுது, திரும்ப விழுது. இன்னொரு தடவை விழுந்தா தாங்கமாட்டார்," என்றார் டாக்டர்.

தையல்காரரின் அம்மா மருமகளை நோக்கிக் கை நீட்டினாள். "இவதான்! எனக்குப் போடுற இன்சுலினை என் பிள்ளைக்குக் குத்திட்டா. வீட்டுல ஊசி போடத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான்."

மருமகளைக் கைது செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவும் வந்துவிட்டது. ஆனால் விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு மனம் ஒப்பவில்லை. காக்கி போடுமுன் வேதியியல் படித்தவர். கைப்பற்றிய இன்சுலின் குப்பியில், போட்ட ஊசிக்கும் மீதி மருந்துக்கும் கணக்கு கச்சிதமாக இருந்தது.

"வீட்டுல சண்டையாம்மா?"

"கல்யாணத்துக்கு அப்புறம் அவருக்கு வந்த முதல் பிறந்தநாளுக்கு கேக் செஞ்சேன். தொடவே இல்லை. கோபிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்."

"அவன் எப்பவும் அப்படித்தான்," என்று மாமியார் குறுக்கிட்டாள். "சின்னதுலேருந்தே இனிப்பு, பழம் எதுவும் ஆகாது. வாந்திதான். நாப்பது வயசாச்சு, ஒரு பல் சொத்தை கிடையாது!" அந்த நேரத்திலும் பெருமை.

இன்ஸ்பெக்டர் சட்டென்று மாமியார் பக்கம் திரும்பினார். "புதுசா என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணுமில்ல. இருமலுக்கு என்னோட மருந்துதான், நாலு நாளா. நான் சர்க்கரைக்காரி, எனக்காக வாங்கினது. சர்க்கரையே இல்லைன்னு பாட்டில்லயே போட்டிருக்கு. வேண்டாம்னான், நான் விடுவேனா? இங்கயும் கண் முழிச்சப்பல்லாம் கொடுத்தேன். அடடா, மணி பதினொண்ணு!"

பையிலிருந்து பாட்டிலை எடுத்தபடி உள்ளே போய்விட்டாள். இன்ஸ்பெக்டர் பாய்ந்து ஓடினார். பிள்ளையின் உதட்டருகே போன கரண்டியைத் தட்டிவிட்டார். தரையெல்லாம் பிசுபிசுத்தது. பாட்டிலை வாங்கி லேபிளைக் காட்டினார்.

"சர்க்கரை இல்லதான். ஆனா இனிப்புக்கு சார்பிட்டால் இருக்கு. கல்லீரல்ல ஒரு நொதி அதைப் பழச்சர்க்கரையா மாத்திடும். அதை மேற்கொண்டு உடைக்கிற நொதி இவருக்குப் பிறவியிலேயே இல்ல. அது தேங்கிப்போய், கல்லீரல் ரத்தத்துக்கு அனுப்பவேண்டிய சர்க்கரையைத் தடுத்துடுது. அந்த உடம்பு நாப்பது வருஷமா இனிப்பை விரட்டியிருக்கு. சொத்தை விழாத பல்தான் சாட்சி."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சிகிச்சையை மாற்ற ஓடினார்.

மதியம் 2.15. சர்க்கரை மறுபடி விழவில்லை. தையல்காரர் கண் திறந்து மனைவியைத் தேடினார்.

"குற்றவாளின்னு யாரை எழுதப்போறீங்க?" தையல்காரரின் அம்மா கேட்டாள்.

"பாட்டிலைத்தான்." இன்ஸ்பெக்டர் இன்சுலின் குப்பியை மருமகளிடம் திருப்பிக் கொடுத்தார்.

மாமியார் ரவிக்கைக் கையைச் சுருட்டி, மருமகள் முன் கையை நீட்டினாள்.

"காலைல ஊசி போடலையேம்மா. நீயே போடு."