பிச்சம்மாள் பெயரில் வந்த சிவப்பு

நெஞ்சளவியில் சிவப்பு எரிந்தது.

"அக்காவுக்கு ஆபரேஷன் கிடையாதுண்ணே. இதயம் தாங்காதாம்" என்றாள் நர்ஸ் ரெக்ஸலின்.

தவசிலிங்கம் கருவியையே வெறித்துப் பார்த்தார். மனைவி பிச்சம்மாளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுக்கட்டி. இரண்டு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

உப்பளத்து ஊர்களுக்கெல்லாம் இந்த ஒரே மருத்துவமனைதான். இதய டாக்டர் என்று ஒருவரை இந்தப் பக்கம் பார்த்து இருபது வருஷமாயிற்று. அவருக்குப் பதிலாக வந்து சேர்ந்த மகராசன்தான் நெஞ்சளவி. உள்ளங்கை அகலத்தில் வட்டமான ஒரு வில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஏழு நாள் மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். குடம் தூக்கும்போது, படி ஏறும்போது நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்று பார்த்து, அது கத்தியைத் தாங்குமா என்று தீர்ப்புச் சொல்லிவிடும். பச்சை வந்தால்தான் அறுவை அறையின் கதவு திறக்கும். சிவப்பு வந்தால் ஒரு வருஷத்துக்கு மறுசோதனை கிடையாது, வரிசையில் அத்தனை பேர். நோயாளியின் அட்டை எண்ணை அது அறியும். யார் மார்பில் ஒட்டியிருக்கிறோம் என்பதை அறியாது.

அங்கேதான் தவசிலிங்கம் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினார். ரத்தப்போக்கில் துவண்டு கிடப்பவள் எங்கே படி ஏறுவது? முப்பது வருஷமாக உப்பு மூட்டை சுமக்கும் தன் நெஞ்சைவிட உறுதியான நெஞ்சு ஊரில் உண்டா?

"எனக்கு நெஞ்சுல ஒரு கோளாறும் இல்ல. நானே போட்டுக்கிடுதேன்" என்று அன்றைக்கே சொன்னாள் பிச்சம்மாள்.

"நீ சும்மா படு. எல்லாம் எனக்குத் தெரியும்."

வில்லையைத் தன் மார்பில் ஒட்டிக்கொண்டு, ஏழு நாளும் வேண்டுமென்றே கூடுதல் மூட்டை தூக்கினார். மூச்சு வாங்கியது. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது புரிந்தது. கெட்டுக் கிடப்பது தன் நெஞ்சு என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. வெளியே பெஞ்சில் நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பவளைத்தான் திரும்பிப் பார்த்தார். அவளைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக நினைத்தார்.

"தப்பு எம்மேலதான் தாயி. அது அவ நெஞ்சு இல்ல, என் நெஞ்சு. என்னைய ஜெயில்ல வேணும்னாலும் போடுங்க. அவளுக்கு இன்னொருக்க வச்சுப் பாருங்க."

ரெக்ஸலின் கோபப்படவில்லை. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"சிவப்பு வந்தா எல்லாரும் இதையேதான் சொல்லுதாங்கண்ணே. இந்த மாசத்துல நீங்க பதினோராவது ஆளு."

வில்லையைத் துடைத்து, அடுத்த அட்டை எண்ணைப் பதிந்தாள்.