சாட்சித் தட்டு

செல் வளர்க்கும் இன்குபேட்டருக்குள் ஏதோ நறநறத்தது.

கைப்பிடியில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. உள்ளே விசிறி தேய்ந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆய்வுக்கூடத்தில் ஈ காக்கை இல்லை, ஃப்ரீசர்களின் முனகலும், மூக்கை அரிக்கும் ஸ்பிரிட் வாடையும், சன்னல் திரையின் இடுக்கு வழியே நுழைந்து தரையில் கத்தி கத்தியாகக் கிடந்த வெயிலும்தான் அவளுக்குத் துணை.

உள்ளே வரும்போது வாசலில் செக்யூரிட்டிக்காரர் வழக்கம்போல் கிண்டலடித்திருந்தார்.

"என்ன மேடம், லீவு நாள்லயும் பிள்ளைங்களுக்குப் பால் குடுக்க வந்துட்டீங்களா?"

"பட்டினி போட்டா விடுமாண்ணே அதுங்க?"

பிள்ளைகள் என்றால் ஸ்டெம் செல்கள். கண்ணாடித் தட்டுகளில், ரோஸ் நிறத் திரவத்தைக் குடித்து, கடுகளவு சிறுநீரகமாக வளர்பவை. கெட்டுப்போன சிறுநீரகத்தில் அவற்றைச் செலுத்தினால் புதிதாகத் துளிர்க்குமா என்பதுதான் அவளுடைய எட்டு வருட ஆராய்ச்சி. எலிகளுக்குத் துளிர்த்தது. மனிதர்களுக்குச் செலுத்த இன்னும் அனுமதி இல்லை.

தம்பிக்குச் செலுத்தியாகிவிட்டது.

அவனுடைய தோலிலிருந்தே எடுத்து வளர்த்த செல்கள். டயாலிசிஸும் கைவிரித்த பிறகு, ஆறு வாரத்துக்கு முன்னால், யாருக்கும் தெரியாமல். அவளும் டாக்டர்தானே, ஊசி போடத் தெரியாதா?

ஆனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தச் செல் தொகுதி வளர்த்தாலும் பாதியை ஒதுக்கி வைப்பார்கள். அதற்குப் பெயர் சாட்சித் தட்டு. ஆறு வாரம் சாட்சியை வளர்த்து, முதிராத செல் ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகே மறுபாதியைத் தொட வேண்டும். முதிராத செல்லுக்குத் தான் என்னவாக வேண்டும் என்று தெரியாது. முடியாகலாம். எலும்பாகலாம்.

ஆறு வாரம் காத்திருக்கத் தம்பிக்கு நேரம் இல்லை. சாட்சி வாய் திறக்கும் முன்பே அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

கதவைத் திறந்தாள். யாரோ மூச்சு விட்டதுபோல் வெதுவெதுப்பான காற்று முகத்தில் மோதியது. வெள்ளிக்கிழமைதான் எல்லாவற்றுக்கும் திரவம் மாற்றினாள். எல்லாத் தட்டும் ரோஸ். தம்பியின் சாட்சித் தட்டு மட்டும் மஞ்சள். இரண்டே நாளில் அத்தனையும் தின்று தீர்த்திருக்கிறது.

போன் அடித்தது. தம்பி. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, உக்காந்துக்க. நல்ல சேதி."

"சொல்லுடா."

"ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்கு ஒன்னுக்குப் போனேன். உன் தம்பி பொண்டாட்டி ஊருக்கே போன் போட்டுச் சொல்லிட்டா, மானம் போகுது."

அவளுக்குக் கண் நிறைந்தது. எட்டு வருடம். பலித்துவிட்டது.

"வலி கிலி இருக்கா?"

"வலின்னு இல்ல. நீ ஊசி போட்ட இடத்துல ஒரு நமநமப்பு. பல்லு முளைக்கிற குழந்தைக்கு ஈறு ஊறும்ல, அந்த மாதிரி. அப்பப்ப ஒரு சத்தம் வேற. பசியில வயிறு கத்துதுன்னு இவ கிண்டல் பண்றா."

தட்டை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தாள். குமிழைத் திருகினாள். காட்சி கலங்கி, மெல்லத் தெளிந்தது. கடுகளவு சிறுநீரகம். பக்கத்தில் வெள்ளையாக ஏதோ. வளைந்த வரிசை.

ஒன்று. இரண்டு. ஏழு.

பற்கள்.

ஒரு பக்கமாகச் சிறுநீரகம் குறைந்திருந்தது. கடித்த தடம்.

நற. நற.

"போனை இடுப்புல வைடா."

"எதுக்குக்கா?"

"வைடா."

துணி உரசியது. பிறகு அது.

நற. நற.

போனில். தட்டில். ஒரே தாளத்தில்.

பசி. தீனி தீர்ந்துவிட்டது, அதனால்தான். அவள் பாய்ந்து குப்பியைத் திறந்து ரோஸ் திரவத்தைத் தட்டில் கவிழ்த்தாள். வழிந்து மேசையில் ஓடியது. பற்கள் மூழ்கின. அசைந்தன. குடித்தன. பால் குடித்து முடித்த வாய்போல் மெல்ல மூடிக்கொண்டன.

தட்டில் சத்தம் நின்றது.

"அக்கா," என்றான் தம்பி, குரல் சுருங்கி. "உள்ள எதுவோ கடிக்குதுக்கா."

காலிக் குப்பியோடு நின்றாள்.

போனில் நிற்கவில்லை.